நாலாவதாக நின்றவர்

அந்த டிஸ்கை நான் செய்திருக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு, நான் தாண்டிப்போன பிறகு முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அவர்கள் சொல்கிற காரணம் தப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். ஜெராக்ஸ் என்று பேர்தானே தவிர, பட்டாவுக்கு விண்ணப்பம் போடுவது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அங்கே நடக்கும். செத்துப்போன அப்பாவைக் கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தித் தரச் சொல்லி வருபவர்களும் இருக்கிறார்கள். நிறுத்தித் தருவேன். கேட்டால் பட்டு வேட்டியும் கட்டிவிடுவேன். வாங்கிக்கொண்டு அழுவார்கள், அழுதுகொண்டே நன்றாக வந்திருக்கிறது என்பார்கள்.

என் அப்பா அம்மா இருந்தது ஏரிக்கு அந்தப் பக்கம், எங்கள் சொந்த ஊரில். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. வரப்பில் நடந்தால் மூச்சு வாங்கும், நின்றுகொள்வார், நிற்பது தெரியக் கூடாது என்று நெல்லைப் பார்ப்பது மாதிரி பாவனை செய்வார். சென்னையில் டாக்டர் பார்த்துவிட்டு ஆபரேஷன்தான் வழி, தள்ளிப்போடாதீர்கள் என்றார். பொங்கல் கழிந்ததும் ஒரு தேதி கொடுத்தார். நைனாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிப்போனது. ஒருவழியாக அறுவடை முடிந்ததும் வருகிறேன் என்றார்.

சரியென்றாரே தவிர, அதற்குப் பிறகு பேச்சே இல்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு டிவிக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவார். சர்க்கார் கொடுத்த குண்டு டிவி. அதற்குக் கீழே ஒரு டிவிடி பிளேயர். வந்தவாசிப் பக்கம் விற்கும் தெருக்கூத்து டிஸ்குகளை வாங்கி வைத்துப் பார்ப்பது அவருக்கு வழக்கம். செல்போனைக் கொடுத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அம்மாதான் என்னிடம் சொன்னாள்.

"அந்த மனுசன் இன்னாத்தயோ நெனச்சிக்கினே கீறாருடி. பெட்டியில கீற பழய போட்டோலாம் எட்த்து டிவில தெரியற மாதிரி பண்ணிக் குடேன். பாத்துக்கினு கெடக்கட்டும்."

நல்ல யோசனை என்று எனக்கும் பட்டது. ஆபரேஷனுக்குப் போகிறவர் மனசு லேசாகப் போகட்டும் என்றுதான் செய்தேன். இரும்புப் பெட்டியிலிருந்த ஆல்பங்களைக் கடைக்குக் கொண்டுபோய், ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கை ஓரம் கிழியாமல் உரித்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணினேன். பெரியப்பா கல்யாணம், நான் பாவாடையில் மூக்கொழுகிக்கொண்டு நிற்பது, விற்றுப்போன மாட்டு ஜோடி, எல்லாம் வந்தன.

டிஸ்கில் போடுவதுதான் பெரிய பேஜார். இந்தக் காலத்தில் வெறும் டிஸ்க் யார் விற்கிறார்கள்? ஒரு செல்போன் கடையில் தூசி தட்டிக் கொடுத்தார்கள். முதலில் படங்களை அப்படியே அதில் ஏற்றினேன். பிளேயர் கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றிவிட்டு நோ டிஸ்க் என்றது. கூத்து பார்க்கிற பிளேயருக்குக் கூத்து மாதிரியே கொடுத்தால்தான் விளங்கும் போலிருக்கிறது. எல்லாப் படத்தையும் வரிசையாகக் கோத்து, ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் நின்று அடுத்தது வருகிற மாதிரி வீடியோவாக்கி, பின்னால் நாதஸ்வரம் சேர்த்து, டிவிடி வீடியோ என்கிற முறையில் மறுபடி எழுதினேன். திரை முழுக்கப் படம் நிறையட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கறுப்பு ஓரம் விழுந்தால் நன்றாயிருக்காதே, நிறையட்டும் என்று அமுக்கினேன். யோசிக்க அதில் என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டோம். போட்டோ காட்டுகிறாள் என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களும்தானே அந்தப் படங்களில் இருக்கிறார்கள். தன் இடுப்பு எவ்வளவு ஒல்லியாக இருந்தது என்று எதிர்வீட்டுக்காரி கூவினாள். நைனாகூடச் சிரித்தார். ரிமோட்டை அவரே வைத்துக்கொண்டு, பிடித்த படம் வந்தால் நிறுத்தி, இது இன்னார், இது இன்ன வருஷத்து மழை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அப்போது பம்புசெட் படம் வந்தது. கிணற்றில் புது மோட்டார் இறக்கிய அன்று எடுத்தது. நடுவில் நைனா, மீசையும் தலைமுடியுமாக. இடதுபக்கம் பெரியப்பா, வலதுபக்கம் நைனாவின் சிநேகிதர். மூன்று பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டிருந்தார்கள். நைனா ரிமோட்டை அமுக்கினார். படம் நின்றது.

பெரியப்பா மஞ்சள்காமாலையில் போனார். சிநேகிதர் அதற்கு அடுத்த வருஷம் வந்தவாசி ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போனார். இரண்டும் எப்போதோ நடந்து, அழுது, ஆறிப்போனவை. யாரும் இரண்டையும் சேர்த்து நினைத்ததில்லை.

"ஐயய்யோ, மூணு பேரா நின்னுக்கினு எட்த்துக்கீறீங்களே" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

மூன்று பேர் சேர்ந்து நின்று போட்டோ எடுத்தால் ஆகாது, அதில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோய்விடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. கடைக்கு மூன்று சிநேகிதிகளாக வரும் காலேஜ் பெண்கள்கூட, "அக்கா, நீங்களும் வந்து நில்லுங்க" என்று என்னை இழுத்துக்கொள்வார்கள். படிப்பதெல்லாம் எங்கே போகிறது என்று நான் கிண்டல் பண்ணுவேன். கிண்டல் பண்ணிக்கொண்டே போய் நிற்பேன்.

"ரெண்டு பேரு பூட்டாங்க" என்றார் நைனா. குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "பாக்கி நான்தான்."

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பழைய பிளேயர், நிறுத்தி வைத்தால் படம் லேசாக நடுங்கும். மூன்று பேரும் திரையில் நடுங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தேன்.

அடுத்த நாள் நைனா ஆபரேஷனுக்கு வர மாட்டேன் என்றார்.

"கத்தி வெக்கச் சொல்லி நானே போய்ப் படுக்கணுமா? எப்பிடியும் போப்போறவன், என் வூட்ல கெடந்து போறேன்."

நான் கத்தினேன். கெஞ்சினேன். காமாலைக்கும் லாரிக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம், லாரிக்காரன் இந்த போட்டோவைப் பார்த்துவிட்டா வண்டி ஓட்டினான் என்று கேட்டேன். அம்மா என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு மூக்கைச் சிந்தினாள். நான் செய்த டிஸ்க், அவள் கேட்ட டிஸ்க், இரண்டு பேராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. டாக்டர் கொடுத்த தேதி வந்தது, போனது.

நைனாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்கினார். விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பார்க்க வந்தவர்கள் உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்தப் படத்தைக் கொஞ்சம் போடேன் என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்கள். சாமி பார்க்க வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள். அம்மாவும் போட்டாள். நைனா அங்கேயே உட்கார்ந்திருப்பார். பார்த்தவர்கள் திரையை ஒருமுறையும் நைனாவை ஒருமுறையும் பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டிக்கொண்டு போனார்கள். அந்த டிவியைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று இருந்தது எனக்கு.

ஒருநாள் கடையில், அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்தே அழித்துவிடலாம் என்று ஆத்திரத்தோடு திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். படத்தில் மூன்று பேர் இல்லை. நான்கு பேர்.

வலது கோடியில், மற்ற மூவரிடமிருந்தும் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, ஒருவர் நின்றிருந்தார். சட்டை இல்லை. முழங்கால்வரை சேறு. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டியிருந்தார். திரையை நிறைக்கிறேன் என்று நான் அமுக்கியதில் படத்தின் இரண்டு ஓரமும் கொஞ்சம் போயிருக்கிறது. அந்தக் குண்டு டிவி வேறு எதைக் காட்டினாலும் ஓரத்தை விழுங்கித்தான் காட்டும். இரண்டும் சேர்ந்து அந்த மனிதரை முழுசாகச் சாப்பிட்டுவிட்டன. மற்றவர்களை ஒட்டி நின்றிருந்தால் தப்பித்திருப்பார். தள்ளி நின்றதால் போய்விட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷத்தில்தான். கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஊருக்குப் பறந்தேன்.

நைனா லேப்டாப்பை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒட்ட வெச்சிட்டியா?"

"இன்னா நைனா?"

"கடையில செத்தவனயெல்லாம் கொண்டாந்து நிறுத்தறியே, அதுமாரி ஒர்த்தன கொண்டாந்து நிறுத்திக்கீற. என் மனசு ஆறட்டும்னு. வாணாம்மா."

என் தொழில் என்னைக் கேவலப்படுத்திய நாள் அது. பெட்டியைத் திறந்து, நான் திருப்பி வைத்திருந்த ஆல்பத்தைத் தேடி, அசல் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். காகிதம் பழுத்திருந்தது, அதில் யார் எதை ஒட்ட முடியும்? ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவன்... மோட்டாருக்குப் பள்ளம் எட்க்க வந்தவன்" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மூவரும் நின்றதும் கேமராக்காரர், மூணு பேரா வேணாம், இன்னொருத்தரக் கூப்பிடுங்க என்றிருக்கிறார். பக்கத்தில் வீட்டு ஆள் யாரும் இல்லை. காலனியிலிருந்து வேலைக்கு வந்தவர் வாய்க்காலில் கால் கழுவ இறங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் வந்தவரைப் பெரியப்பா, தள்ளி நில்லுடா, படத்துல விழுந்தா போதும் என்றிருக்கிறார். அவர் தள்ளி நின்றார். படம் எடுத்து முடிந்ததும் மறுபடி வாய்க்காலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் அவரை நினைக்கவில்லை. போட்டோவைக் கையில் வாங்கியபோதும் சரி, நான் ஸ்கேன் பண்ணியபோதும் சரி, மூன்று பேர்தான் கண்ணில் பட்டிருக்கிறார்கள்.

"அப்ப நாலு பேருதான" என்றேன். "நாலு பேருன்னா ஒண்ணும் இல்லியே. அடுத்த தேதி வாங்கவா?"

நைனா தலையை ஆட்டவில்லை. "அவன் கீறானா?" என்று கேட்டார்.

"தெரியாதே."

"பாத்துட்டு வா. அவன் உசுரோட கீறான்னா எனக்கும் ஒண்ணும் ஆவாது. நாளைக்கே வரேன்."

அவர் இல்லையென்றால் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. அன்று சாயந்திரமே ஓரம் விட்டு, படத்தைச் சின்னதாக்கி இன்னொரு டிஸ்க் எழுதிக்கொண்டுவந்து போட்டேன். நாலாவது ஆள் டிவியில் தெரிந்தார். பார்க்க நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டால், வேலை கீது என்று சொல்லிவிட்டாள். ஊருக்கு அந்தக் கதை ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது.

பள்ளம் எடுக்க வந்தவருடைய பெண்டாட்டியின் ஊர் மாகறல் பக்கம், அங்கேயே போய்விட்டார் என்று அம்மா விசாரித்துச் சொன்னாள். மறுநாள் காலையில் கிளம்பினேன். செய்யாற்றில் தண்ணீர் இல்லை, வெள்ளை மணல் கண்ணைக் கூசவைத்தது. வழி முழுக்க எனக்கு ஒரே வேண்டுதல், அந்த மனிதர் வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மூட நம்பிக்கை, மூட நம்பிக்கை என்று எல்லாரையும் திட்டிய நான், வண்டியோட்டிக்கொண்டே அதைத்தான் வேண்டிக்கொண்டு போனேன்.

தகரக் கூரை போட்ட சின்ன சர்ச்சுக்குப் பின்னால் வீடு. ஒரு பெண்மணி முறத்தில் வேர்க்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. கிறிஸ்தவர்கள் வீட்டில் அது வழக்கம்தான், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான் யாருடைய மகள் என்று சொன்னேன். அக்கா என்று கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் அவர்கள் தெருக்காரர்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, என் வாய்க்கே புதிதாக இருந்தது.

"அவரத் தேடிக்கினா வந்த?" என்றார். "அவரு பூட்டு அஞ்சாறு வருசம் ஆவுதேம்மா. காச்சல்னு படுத்தாரு. எய்ந்திருக்கவேல்ல."

கேட்காமலே அங்கே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்னா விசயம் என்று கேட்டதும் செல்போனை எடுத்துப் படத்தைக் காட்டி, ஓரத்தை விரலால் பெரிதாக்கினேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

"இத்தினி முடி இருந்துச்சா இவருக்கு!" என்றார். முந்தானையால் போனைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இந்த வயசு மொகம் எங்க வூட்ல இல்ல. வோட்டு கார்டுல கரேல்னு ஒண்ணு கீது, அது அவரு மொகமே இல்ல. எனக்கு இத்தக் குடேன்."

"பிரிண்ட் போட்டுக் கொண்டாரேன் அக்கா. பெரிசாவே போட்டுக் கொண்டாரேன்."

"அது வாணாம். அவரு நின்ன அந்தக் காய்தம் வோணும்."

தருகிறேன் என்றேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நைனா எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். நான் எதற்காக வந்தேன் என்பதை முழுசாகச் சொன்னேன். மூன்று பேர், நாலாவது ஆள், ஆபரேஷன், நைனா கேட்டது, எல்லாவற்றையும். அவர் இருக்கிறார் என்றுதான் வீட்டில் சொல்லப்போகிறேன், யாராவது வந்து கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"அன்னிக்கு உங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு இவர இட்டாந்து நிறுத்தினீங்க. இவருக்கு இன்னா ஆவும்னு ஒர்த்தர் யோசிச்சீங்களா? இப்ப செத்தும் இவரு உங்களுக்காவ நிக்கணுமா?"

நான் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"உங்க அப்பாகிட்ட நீ இன்னா வோணா சொல்லிக்க. என்ன பொய் சொல்லச் சொல்லாத. போட்டோவ நானே உங்க வூட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

ஊருக்குத் திரும்பியபோது நைனா தெருமுனையைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் கேட்டார். இருக்கார் நைனா என்றேன்.

"எப்பிடி கீறான்?"

இருக்கிறார் என்று சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன், போதவில்லை. பல் விழுந்துவிட்டது, காது கொஞ்சம் மந்தம், சர்ச்சு வாசலில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார், உங்களைக் கேட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். செத்தவர்களை நிறுத்துவது எனக்குக் கைவந்த வேலைதானே. நைனா சிரித்தார். அன்றைக்குக் கறிக்குழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பிட்டார். நான்தான் இன்னொரு கரண்டி ஊற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அடுத்த தேதி வாங்கினேன்.

அந்தத் தேதி வரைக்கும் நான் ஒருநாள்கூட நிம்மதியாக இல்லை. போட்டோவை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். நைனா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தர மறுத்தார். காஞ்சிபுரம் பஸ் நிற்கும் சத்தம் கேட்டாலே இறங்குவது யார் என்று எட்டிப் பார்ப்பேன். யாரும் வரவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் வாடகைக் கார் வாசலில் நின்றது. நல்ல சகுனமாக இருக்கட்டும் என்று எதிர்வீட்டுக்காரியைத் தண்ணீர்க் குடத்தோடு எதிரில் வரச் சொல்லி அம்மா ஏற்பாடு செய்திருந்தாள். அவள் குடத்தோடு வந்தாள். நைனா காரில் ஏறி உட்கார்ந்தார். குடத்துக்குப் பின்னால், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த அக்கா வந்துகொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவர் நேராகக் கார் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, தான் இன்னார் பெண்டாட்டி, போட்டோ வாங்க வந்தேன் என்றார். நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"வா வா. அவன் வர்லியா? பஸ்ல ஒக்கார முடிலியா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அம்மா பக்கத்தில் இருக்கிறாள், டிரைவர் இருக்கிறார், என்னால் வேறு என்ன செய்ய முடியும்?

"அவரு இல்லிங்க" என்றார். "பூட்டு அஞ்சாறு வருசம் ஆச்சி."

குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நைனா என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் நைனா."

"எறங்குங்க" என்று அம்மா கார்க் கதவைப் பிடித்து இழுத்தாள். "இன்னிக்கி வாணாம். வூட்டுக்குள்ள வாங்க. எங்கயும் போவ வாணாம்."

நைனா இறங்கவில்லை. பைக்குள் கைவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து வைத்திருந்த போட்டோவை எடுத்தார். அதைக் கொண்டுபோகிறார் என்றே எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாக நீட்டினார். அக்கா வாங்கிப் பார்த்தார்.

"தள்ளி நிக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றார் நைனா. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நானும் பக்கத்துல வாடான்னு சொல்லல" என்றார்.

பிறகு அம்மாவின் கையைக் கதவிலிருந்து எடுத்தார். "ஏறு. அவன நிக்க வெச்சி நான் பொயச்சது போதும்" என்றார். டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். செங்கல்பட்டு தாண்டும்வரை அவர் கை என் கைக்குள் இருந்தது. சில்லென்று இருந்தது. என்மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அவர் பயப்படுகிறார் என்று தெரிந்தது. பயந்துகொண்டேதான் வந்தார்.

ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்தார், தண்ணீர் கேட்டார், அம்மாவைச் சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு ஜுரம் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதயம் ரொம்பத் தளர்ந்துபோயிருந்தது, முதலில் கொடுத்த தேதிக்கே வந்திருந்தால் இந்த ஜுரத்தைத் தாங்கியிருப்பார் என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் நான் இன்னும் குடித்தனம் நடத்துகிறேன்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போட்டோவைப் பற்றித்தான் பேசினார்கள். மூணு பேரயும் வாரிக்கினு பூட்ச்சி பாரு என்றார்கள். நான்கு பேர் என்றேன். அந்த ஓரத்து மனிதரைப் பற்றிச் சொன்னேன், முதல் தேதியைத் தவறவிட்டதைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி என் தோளைத் தடவினாள். "நாங்கதான் டிவில பாத்தமேம்மா. மூணு பேர்தான கீறாங்க" என்றாள். அம்மா இரண்டு டிஸ்கையும் உடைத்து அடுப்பில் போட்டுவிட்டாள். கருகிய நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

பிறகு ஒருநாள், அந்தப் போட்டோவை ஒருமுறை பார்த்தால் போதும் என்று இருந்தது. அசலில் நைனாவைப் பார்க்க வேண்டும். நான்கு பேர் நின்றார்கள் என்பதற்கு வேறு சாட்சியும் எனக்கு இல்லை. மாகறல் போனேன். அக்கா உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். சுவரில், மாதா படத்துக்குக் கீழே, புதுச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நெருங்கிப் போய்ப் பார்த்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு, அவர் மட்டும் நின்றிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது.

மிச்சத்தை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.